நாலு பந்திப் பெட்டிசம்

எங்கள் அலுவலகத்துக்கு வரும் தமிழ்க் கடிதங்கள் எல்லாம் முதலில் என் மேசைக்குத்தான் வரும். எங்கள் மேலதிகாரியான சேருக்குத் தமிழில் கதைத்தால் விளங்கும், வாசிக்க வராது. ஆகவே ஒவ்வொரு கடிதத்தையும் நான் படித்து, அதில் உள்ளதைச் சிங்களத்தில் நாலைந்து வரியாக ஒரு சிறு தாளில் எழுதி, மேலே குத்தி அனுப்புவேன். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். ஒரு திங்கட்கிழமை காலையில் பழுப்பு நிறக் கடித உறை ஒன்று என் மேசையைத் தாண்டிப் போனது. பியோன் அதை எனக்கு எதிரே இருக்கும் எழுதுநரின், அண்ணன் முறைக்கு நான் நானா என்று கூப்பிடுகிறவரின், மேசையில் வைத்தார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

நான் சந்தேகக்காரி. அதை மறைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, சின்ன வயதில் மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய சனத்தில் நானும் ஒருத்தி. ஆனால் அதை இதற்குக் காரணமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. என் தங்கச்சியும் அதே படகில்தான் வந்தாள், அவள் எல்லாரையும் நம்புவாள். நான் கடையில் வாங்கிய பாணைக்கூட ஒருதரம் அமத்திப் பார்ப்பேன்.

நானா கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை வாசித்தார். வழக்கத்தில் ஒரு தமிழ்க் கடிதத்தைச் சிங்களத்தில் சுருக்கச் சொன்னால் அவர் அரை மணித்தியாலம் பேனையைக் கடித்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"என்ன கடிதம் நானா?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல தங்கச்சி. ஒரு பெட்டிசம்."

பேர் போடாமல் அனுப்பும் முறைப்பாட்டுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"ஆருக்கு எதிரா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சேர் சொல்லுவார்" என்றார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "எழுதின ஆள் கெட்டிக்கார ஆள். ஒவ்வொரு பந்தியிலயும் முதல் வசனத்த மட்டும் எடுத்துச் சிங்களத்துல போட்டன், வேல முடிஞ்சிது. இப்பிடி ஒரு கடிதம் இந்த மேசையில நான் கண்டதில்ல" என்றார்.

ஒரு பந்திக்கு ஒரு விஷயம், அந்த விஷயம் முதல் வசனத்திலேயே வரவேண்டும். இதை நாலு சனிக்கிழமை தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

நான் வெளிக்கள உத்தியோகத்தர். நுரைச்சோலை தாண்டி, கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு ஊர் என் பொறுப்பு. பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள், கடல் தொழில். வீதிப் பக்கமாக முஸ்லிம் வீடுகள் கொஞ்சம். செவ்வாயும் வியாழனும் அங்கே போய், மாதர் சங்கக் கட்டடத்தைத் திறந்து, சனங்களின் விண்ணப்பங்களை வாங்க வேண்டும். கட்டடத்துப் பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருக்கும்.

அந்தச் சங்கத்துப் பெண்கள் ஒருதரம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மூன்று பக்கம், ஒரே பந்தி. அதில் கிணறு இருந்தது, பாதை இருந்தது, ஒருவரின் புருசன் குடித்துவிட்டு ஆடிய ஆட்டம் இருந்தது, நாய் கடித்துச் செத்த ஆடு ஒன்று இருந்தது. கடைசியில் 'ஆகவே ஆவன செய்யவும்' என்று முடிந்திருந்தது. எதற்கு ஆவன செய்வதென்று தெரியாமல் சேர் அதைத் திருப்பி அனுப்பினார். கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அந்தப் பெண்களின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டு, "நாலு சனிக்கிழமை வாங்க, எழுதிப் பழகுவம்" என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள், 'பந்தி' என்று பலகையில் எழுதியதும் சிரிப்பு. கலியாண வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காருவதுதான் அவர்களுக்குப் பந்தி. சிரிப்பு அடங்கியதும் அந்த மூன்று பக்கக் கடிதத்தை வெளியே எடுத்து, கத்தரிக்கோலால் வசனம் வசனமாக வெட்டினேன். துண்டுகளைப் பாயில் கொட்டி, கிணற்றுக் கதையைக் கிணற்றுக் கதையோடும் பாதைக் கதையைப் பாதைக் கதையோடும் சேர்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பாயில் நாலு குவியல் வந்துவிட்டது. எந்தக் குவியலிலும் சேராத துண்டுகளை எறியச் சொன்னேன். நடக்க ஏலாத மகள் ஒருத்தியை வைத்துக்கொண்டிருந்த தாய் ஒருவர் 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்ற துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ், இது எதுக்க சேரும்?" என்று கேட்டார். எதிலும் சேராது என்றேன். அவருக்கு எறிய மனம் வரவில்லை. மடித்துத் தன் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு வந்த கிழமைகளில் மற்றதைச் சொன்னேன். முதல் வசனத்தில் விஷயம். அதற்குப் பிறகு நீங்கள் கண்ணால் கண்டது: எந்த நாள், எத்தனை மணி, யார் நின்றது. 'எல்லாரும் சொல்கிறார்கள்' என்று எழுத வேண்டாம். 'கொடுக்கப்பட்டது', 'தவறவிடப்பட்டது' என்று எழுத வேண்டாம், அப்படி எழுதினால் செய்தவர் தப்பிவிடுவார், யார் செய்தது என்று எழுதுங்கள். ஒரு பந்தி முடிந்தால்தான் அடுத்த பந்தி, அடுத்தது முதல் பந்தியிலிருந்து கிளம்பி வரவேண்டும். கடைசியாக, கையெழுத்தில்லாத கடிதம் கடிதமே இல்லை.

நாலு நாளும் தவறாமல் வந்தவர்களில் மூன்று பேர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர் அந்தத் தாய். ஒருவர் வீதியோரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ராத்தா, என்னைப் போல மன்னாரிலிருந்து வந்த முஸ்லிம் அக்கா. மற்றவர் சங்கத்தின் செயலாளர். முப்பது வயதிருக்கும், புருசன் கடலுக்குப் போகிறவர். சொன்னதைச் சொன்னவுடன் பிடித்துக்கொள்வார். நாலாவது கிழமை அவர் எழுதிய கூட்ட அறிக்கையில் நான் திருத்த ஒரு வரி இருக்கவில்லை.

பெட்டிசம் வந்த அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் சேர் என்னைக் கூப்பிட்டார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை, வழமையில் நின்றபடியேதான் கதைப்போம்.

"பேரில்லாத கடிதத்தை நான் குப்பையில் போடலாம்" என்று சிங்களத்தில் சொன்னார். "ஆனால் இதில் நாளும் நேரமும் இருப்பதாக எழுதுநர் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தாருங்கள்." ஒரு போட்டோகொப்பியை என் பக்கம் தள்ளினார்.

நான் அதை அங்கே வாசிக்கவில்லை. பஸ்ஸிலும் வாசிக்கவில்லை. தில்லையடியில் எங்கள் புது வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது, சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. அங்கே போய், மேசன் பாஸ் கல் வைப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து வாசித்தேன். கொமியூனிகேஷன் கடையில் தட்டச்சு செய்த கடிதம். கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்க வழியில்லை.

முதலாம் பந்தி இப்படி இருந்தது: 'உத்தியோகத்தர் வியாழக்கிழமைகளில் வருவதில்லை. சென்ற மாதம் எல்லா வியாழனும் காலை ஒன்பதரைக்கு நாங்கள் போனோம். எல்லா நாளும் கதவு பூட்டியிருந்தது. கடைசி வியாழன் பதினொரு மணிவரை மூன்று பேர் வேம்பின் கீழே நின்றோம்.'

இரண்டாவது, வராத வியாழனுக்கும் நான் செவ்வாயன்றே அவர்களிடம் வரவுத் தாளில் கையெழுத்து வாங்குவதைப் பற்றி. மூன்றாவது, தையல் பயிற்சிக்கான அறிவித்தலை முடிவுத் திகதி போன பிறகு நான் பலகையில் ஒட்டியதைப் பற்றி. ஒவ்வொன்றிலும் நாள் இருந்தது, மணி இருந்தது. செய்தவர் யார் என்பது எல்லா வசனத்திலும் இருந்தது: உத்தியோகத்தர், உத்தியோகத்தர்.

நாலாவது பந்தியை நான் முழுதாகவே எழுதுகிறேன், எனக்கு அது மனப்பாடம்.

'நடக்க முடியாத பிள்ளை ஒன்றின் சக்கர நாற்காலி விண்ணப்பத்தை உத்தியோகத்தர் தொலைத்துவிட்டார். மாசி மாதம் தாய் அதை அவருடைய கையில் கொடுத்தார். அவர் அதைக் கறுப்புக் கைப்பைக்குள் வைத்தார். ஐந்து தரம் கேட்டபோதும் மேலிடத்தில் தாமதம் என்றார். நாங்கள் மேலிடத்தில் விசாரித்தோம். அப்படி ஒரு விண்ணப்பம் அங்கே போகவில்லை. பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது. தாய்க்குத் தூக்க ஏலாது.'

வாசித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது வெட்கமோ பயமோ இல்லை. இது யார் என்ற கேள்விதான் வந்தது. கடிதத்தில் இருந்தது அவ்வளவும் உண்மை. வியாழக்கிழமைகளில் நான் எங்கே இருந்தேன் என்றால், அதே வாளியில்தான் இருந்தேன். என் கணவர் கட்டார் நாட்டில் வேலை. மேசன் பாஸ் நான் இல்லாத நாளில் கலவையில் சீமெந்தைக் குறைக்கிறார், மிஞ்சியதை வேறு வேலைக்குக் கொண்டுபோகிறார் என்று எனக்கு ஒரு எண்ணம். அவர் ஒரு பிடி எடுத்ததைக்கூட நான் கண்டதில்லை. ஆனாலும் வியாழனானால் வந்து காவல் இருந்தேன்.

அன்றிரவுக்குள் என் மனம் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. நான் வேறு சனம், அதனால்தான் எழுதுகிறார்கள். அந்த ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொஞ்சக் காலம் இந்த வீதியில் பஸ்ஸில் என் பக்கத்துச் சீற் காலியாகவே வரும். அதை நான் மறக்கவில்லை. இந்தக் காரணம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவர்கள் பகையில் எழுதியிருந்தால், எழுதியது உண்மையா என்று நான் பார்க்கத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போனேன். எல்லாரும் வழமையைவிட மரியாதையாக இருந்த மாதிரித் தெரிந்தது. பிளேன்டீ வந்தது, கூடவே பிஸ்கட்டும் வந்தது. பிஸ்கட் ஏன் என்று யோசித்தேன். கடைக்கார ராத்தா என் உம்மாவின் சுகம் விசாரித்தார். அவர் ஒருநாளும் விசாரித்ததில்லையே என்று நினைத்தேன், பிறகு பார்த்தால் ஒவ்வொரு கிழமையும் விசாரித்துத்தான் இருக்கிறார்.

நான் ஒரு பொறி வைத்தேன். "படிச்சத மறக்கக் கூடாதுதானே. இண்டைக்கு எல்லாரும் ஒரு பந்தி எழுதுங்க" என்று தாளைக் கொடுத்தேன். தலைப்பு, 'நான் காத்திருந்த ஒரு நாள்'. வேம்பின் கீழே நின்றவர் யாரென்று தானாக வெளியே வரும் என்பது என் கணக்கு.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குனிந்து எழுதத் தொடங்கினார்கள். யன்னலுக்கு வெளியே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது, காற்று மணலை வாரி வாசலில் போட்டுக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொருவரின் பேனையையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். எழுதப் பழக்கிய அதே கட்டடத்தில் நான் ஒரு பொலிஸ்காரி மாதிரி நடந்தேன் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

தாள்களை வாங்கி அங்கேயே புரட்டினேன். ராத்தா மீன் லொறிக்குக் காத்திருந்ததை எழுதியிருந்தார். அந்தத் தாய் ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு எடுக்க நின்றதை மூன்றே வரியில் எழுதியிருந்தார். செயலாளர், தலவிலத் தேவாலயப் பெருநாளுக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்திருந்ததை எழுதியிருந்தார்: 'பெருநாளுக்குப் போகும் பஸ் வரவில்லை. சனிக்கிழமை காலை ஆறே காலிலிருந்து எட்டு மணிவரை நான்கு பேர் வீதியில் நின்றோம்.'

எட்டு மணிவரை நான்கு பேர் நின்றோம். பதினொரு மணிவரை மூன்று பேர் நின்றோம். எனக்கு அது போதும்.

மற்றவர்கள் போகும்வரை பொறுத்தேன். செயலாளர் சைக்கிளை எடுக்கும்போது போட்டோகொப்பியை நீட்டினேன்.

"இத நீங்கதானே எழுதினீங்க?"

அவர் தாளை வாங்கவில்லை. ஒரு பார்வை பார்த்தார். "இல்ல மிஸ்."

"உங்கட வசனம் எனக்குத் தெரியும்."

"நான் எழுதுற மாதிரியே நீங்க சொல்லித் தந்ததுதான் மிஸ். அப்பிடிப் பாத்தா இது உங்கட வசனமும்தான்."

"கதைய மாத்தாதீங்க. செயலாளர் பதவி போதாதெண்டு என்ட இடத்துக்கு வேற ஆளக் கொண்டுவரப் பாக்குறீங்களா?"

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக நின்றார். "நான் எழுதினா கையெழுத்து வைப்பன் மிஸ்" என்றார். சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு போனார். அவர் அவ்வளவு நிதானமாகப் போனதே எனக்கு இன்னொரு சாட்சியாகப் பட்டது.

புதன்கிழமை நான் செய்ததுதான் இந்தக் கதையில் மோசமானது. சேரிடம் போய், எழுதியது யாரென்று தெரியும் என்றேன். செயலாளருக்கு என்மேல் பொறாமைக் காய்ச்சல் என்றேன். ஆதாரம் என்ன என்று கேட்டார். பஸ்ஸுக்குக் காத்திருந்த பந்தியைக் கொடுத்தேன். அவர் அதையும் நான் சொன்னதையும் பெட்டிசத்தோடு சேர்த்துக் கோவை மட்டையில் குத்திப் போட்டார். வீட்டுக்குப் போகும்போது கடைக்கார ராத்தாவுக்குப் போன் எடுத்து, "செக்ரட்டரிக்கு என்னோட என்ன கோவம்?" என்று கேட்டேன். ராத்தா, "அப்பிடி ஒண்டும் தெரியாது" என்றார். நான் கேட்ட கேள்வி விடியுமுன் ஊர் முழுக்கப் போய்விட்டது.

வியாழக்கிழமை, பல வாரங்களுக்குப் பிறகு, நான் ஊருக்குப் போய்க் கட்டடத்தைத் திறந்தேன். ஒருவரும் வரவில்லை. வியாழனில் கதவு திறந்திருக்கும் என்று நினைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆள் இல்லாத அந்த மண்டபத்தில் இருந்து என் விளக்கத்தை எழுதினேன்.

'சென்ற மாதம் நிலவிய தவிர்க்கமுடியாத சூழ்நிலைகள் காரணமாகக் கள விஜயங்கள் மேற்கொள்ளப்படுவதில் சில இடர்பாடுகள் காணப்பட்டன என்பதுடன், பயிற்சி தொடர்பான அறிவித்தல்கள் காட்சிப்படுத்தப்படுவதிலும் காலதாமதம் ஏற்பட்டிருக்கலாம் எனவும், மேற்குறித்த விண்ணப்பம் கிடைக்கப்பெற்றமை தொடர்பில் போதிய பதிவுகள் காணப்படவில்லை எனவும்…' இப்படியே இரண்டு பக்கம். எழுதும்போது எனக்கு இது நல்ல உத்தியோக நடையாகத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை கொடுத்தேன்.

என் விஷயம் என்பதால் அதையும் சிங்களத்தில் சுருக்கும் வேலை நானாவுக்குத்தான் போனது. அவர் ஒரு மணித்தியாலம் அதை வைத்துக்கொண்டிருந்தார். பேனையைக் கடித்தார். முதல் வசனத்தில் விரலை வைத்து இறக்கிக்கொண்டு போய், பக்கத்தின் அடியில் நிறுத்தினார். பிறகு எழும்பி என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, இதுல விஷயம் எங்க இருக்கு?"

"எல்லாம் இருக்கு நானா. வாசிச்சுப் பாருங்க."

"மூணு தரம் வாசிச்சிட்டன். ஆரோ எதையோ செய்யல்ல எண்டு விளங்குது. ஆர் எண்டு விளங்கல்ல." குரலைத் தாழ்த்தினார். "அவங்கட கடிதத்த அஞ்சு நிமிஷத்துல சேருக்குச் சொன்னன். உங்கடத என்னால சொல்ல ஏலாம இருக்கு. நான் உங்களுக்கு நல்லது செய்யத்தான் பாக்குறன். இப்பிடியே குடுத்தா, மறைக்கிறீங்க எண்டுதான் சேர் நினைப்பார். நாலு வசனம் எழுதித் தாங்க. நாலே நாலு."

தாளை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். நான் அதை ஒரு மாணவியின் தாள் மாதிரி வாசித்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் 'நான்' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. விஜயங்கள் மேற்கொள்ளப்படவில்லை, அறிவித்தல்கள் காட்சிப்படுத்தப்பட்டன, பதிவுகள் காணப்படவில்லை. கிணறும் பாதையும் செத்த ஆடும் இருந்த அந்த மூன்று பக்கக் கடிதத்தைவிட இது மோசம். அவர்களுக்கு எழுதத் தெரியாமல் குழம்பியது. நான் தெரிந்துகொண்டே குழப்பியிருக்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் இருந்து எழுதினேன். 'சென்ற மாதம் வியாழக்கிழமைகளில் நான் கடமைக்குப் போகவில்லை, என் வீட்டு வேலையைப் பார்க்க நின்றேன்.' அது ஒரு பந்தியின் முதல் வசனம். அதை எழுதியதும் அதற்குக் கீழே எழுத வேண்டியதெல்லாம் தானாக வந்தது: எந்தெந்த நாள், எந்தத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கினேன். அறிவித்தல் பந்தியும் வந்தது. நாலாவதில்தான் நின்றுவிட்டேன். 'விண்ணப்பம் தொலைந்துவிட்டது' என்று எழுதினேன். வெட்டினேன். 'விண்ணப்பத்தை நான் தொலைத்தேன்' என்று எழுதினேன். பங்குனி மாதம் கைப்பை மாற்றும்போது பழைய தாள்களோடு அதுவும் போயிருக்க வேண்டும். தெரிந்த அன்றைக்கே தாயிடம் சொல்லியிருந்தால் புது விண்ணப்பம் ஒன்று எழுத ஒரு மணித்தியாலம் போதும். சொல்ல வெட்கப்பட்டு, மேலிடத்தில் தாமதம் என்று ஐந்து தரம் பொய் சொன்னேன். அதையும் எழுதினேன்.

சேர் வாசிப்பித்துக் கேட்டார். ஏசவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் சுயவிபரக் கோவைக்குப் போனது. இனி வியாழக்கிழமைகளில் கிராம உத்தியோகத்தரின் பதிவில் நேரத்தோடு கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். கடைசியில், "அந்தச் செயலாளர் பற்றிச் சொன்னது?" என்று கேட்டார்.

"அது எனக்கு நிச்சயமில்லை சேர்" என்றேன். உள்ளுக்குள் எனக்கு நிச்சயமாகத்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய், புது விண்ணப்பப் படிவத்தோடு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். மகள் வாசல் நிழலில் பாயில் சாய்ந்து, ஒரு கோழிக்குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் எனக்குக் கதிரை போட்டார். பேப்பரை நான் தொலைத்ததையும், பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார், புதுச் செய்தி கேட்கிற முகமாக இல்லை.

"நாலாவது பந்தி நான் எழுதினது மிஸ்" என்றார். மீன் விலை சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"நீங்களா?"

"ஓம். அது என்ட விஷயம்தானே. 'தூக்க ஏலாது' எண்டத மாத்தி எழுதச் சொன்னாங்க. நான் மாட்டன் எண்டுட்டன்."

"அப்ப மத்தப் பந்தி?"

"மத்தது மத்தவங்க. வியாழக்கிழமைக் கதைய எழுதினது வேம்புக்குக் கீழ நிண்ட ஒரு ஆள். கையெழுத்து வாங்குறது பத்தி எழுதினது கடைக்கார ராத்தா. தையல் வகுப்பு, கடைசி நாள் முடிஞ்சு போய் நிண்ட பிள்ளைதான் எழுதினா. நீங்கதானே சொன்னீங்க, ஒரு பந்திக்கு ஒரு விஷயம் எண்டு. ஆளுக்கு ஒரு பந்தி எழுதி, கொண்டுபோய் அடிச்சம்."

நான் சாட்சி தேடி ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோது, முதல் பந்தியில் ஒருவரும் கடைசிப் பந்தியில் வேறொருவரும் தெரிந்துகொண்டேதான் இருந்தார்கள். ஒரு ஆள்தான் எழுதியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டதால் அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு சனம் என்பதால் எழுதினார்கள் என்ற என் ஆறுதலும் போனது. இரண்டாம் பந்தியை எழுதியவர் என் சொந்த ஊர்க்காரி, ஒவ்வொரு கிழமையும் என் உம்மாவின் சுகம் விசாரித்தவர்.

"செக்ரட்டரி எழுதினது எது?" என்று கேட்டேன்.

தாய் என் முகத்தைப் பார்த்தார். "அவ எழுத மாட்டன் எண்டுட்டா மிஸ். பேரில்லாம எழுதக் கூடாது, மிஸ்ஸோட முகம் பாத்துக் கதைப்பம் எண்டு நிண்டா. எங்களுக்குப் பயம். அடுத்த விண்ணப்பமும் உங்கட கையாலதானே போகணும். அதால அவவ விட்டுட்டுச் செஞ்சம்."

பிறகு அவரே சொன்னார். நான் ராத்தாவிடம் கேட்ட கேள்வி ஊரில் பரவியதும், செயலாளர்தான் உத்தியோகத்தருக்கு எதிராகப் பெட்டிசம் அடித்தவர் என்று ஆகிவிட்டது. உண்மை தெரிந்தவர்கள் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சங்கத் தலைவியிடம் கூட்ட அறிக்கைக் கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம்.

நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேலையை நிறுத்தவில்லை.

"சேர்ட கோவையில என்ட பேர் இருக்குதானே மிஸ்?"

"ஓம்."

"அத எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. மறுநாள் சேரிடம் போய்க் கேட்டேன். கோவையில் உள்ள பக்கங்களுக்கு இலக்கம் போட்டிருக்கிறது, ஒன்றையும் எடுக்க முடியாது, வேண்டுமானால் ஒரு பக்கம் சேர்க்கலாம் என்றார். அன்றைக்கே எழுதிக் கொடுக்கப் போனேன். பிறகு, முதலில் அவருக்குக் காட்டுவோம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை தாளோடு மறுபடி போனேன்.

இந்தத் தரம் அவர் கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினார். படியில் இருந்து வாசித்தார். நான் எழுதியது ஒரே பந்தி. செயலாளர் மீது நான் சொன்ன குற்றச்சாட்டு பிழை என்பது முதல் வசனம். அதற்குக் கீழே, அந்த நேரத்தில் எனக்கிருந்த மன உளைச்சல், கணவர் வெளிநாட்டில் இருப்பது, வீட்டு வேலை, தட்டச்சுக் கடிதத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாத நிலை, எல்லாம் இருந்தது.

"இதுல ரெண்டு விஷயம் இருக்கு மிஸ்" என்றார்.

"என்ன?"

"முதல் வசனம் என்னப் பத்தி. மத்ததெல்லாம் உங்களப் பத்தி." தாளைத் திருப்பித் தந்தார். "வாசிக்கிற ஆளுக்குக் கடைசியில உங்களுக்காகத்தான் பாவமா இருக்கும்."

நான் பேனையை எடுத்து அந்த வரிகளை அவர் முன்னாலேயே வெட்டினேன். அவருடைய பஸ் பந்தியை ஆதாரமாகக் கொடுத்தது நான் என்பதையும், அது எதற்கும் ஆதாரமில்லை என்பதையும் அந்த இடத்தில் எழுதினேன். அவர் மறுபடி வாசித்தார். "சரி மிஸ்" என்றார். பிளேன்டீ குடிக்கச் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் கோவைக்குப் போனது. சக்கர நாற்காலி வர இன்னும் நாலு மாதம் எடுத்தது. மணல் ஒழுங்கையில் நாற்காலிச் சில்லு புதையும் என்று தாயும் அயலில் உள்ளவர்களும் வாசலிலிருந்து வீதிவரை பலகை போட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பின்னேரங்களில் வீதிவரை வந்து பஸ் பார்க்கிறாள். கடைக்கார ராத்தாவும் நானும் பெட்டிசம் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவர் உம்மாவின் சுகம் விசாரிக்கிறார், நான் சொல்கிறேன்.

செயலாளர் சங்கத்துக்குத் திரும்பி வரவில்லை. தலைவி இரண்டு தரம் கேட்டும் வரவில்லை. வியாழக்கிழமைகளில் நான் கட்டடத்தைத் திறக்கும் நேரத்தில் சைக்கிளில் அந்தப் பக்கம் போவார். "மிஸ், சுகமா?" என்று கேட்பார். சுகம் என்பேன். சில நாள் ஒரு காலை நிலத்தில் ஊன்றி இரண்டு நிமிடம் நின்று கதைத்துவிட்டுப் போவார். உண்மையாகவே நான் சுகமா என்று கேட்கிறாரா, கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க வருகிறாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.